வீட்டுப் பதிவுக்கு ஒரே மைக் என்றால்: ஷூர் எஸ்எம்57

வீட்டில் பாட்டும் வாத்தியமும் பதிவு செய்ய வேண்டும், ஒரே ஒரு மைக்தான் வாங்க முடியும், அதற்கு மேல் கையில் காசில்லை என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஷூர் எஸ்எம்57. வீணை வாசிப்பவர்களும் ரொம்ப மெல்லிய குரலில் பாடுபவர்களும் மட்டும் கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கு வேறு சொல்கிறேன்.

இது 1965-இல் வந்த மைக். அதற்கும் முன்னால், 1959-இல், அதே நிறுவனம் கொண்டுவந்த யூனிடைன் III என்ற கேப்ஸ்யூலின் (ஒலியை மின்சாரமாக மாற்றும் உள்பாகம்) வாரிசுதான் இதற்குள் இருக்கிறது. அமெரிக்க அதிபர்கள் நின்று பேசும் மேசையில் ஜோடியாக இரண்டு கறுப்பு மைக் இருக்குமே, அதுவும் இதுதான், லிண்டன் ஜான்சன் காலத்திலிருந்து. நம் ஊர்க் கச்சேரிகளில் பாடகர் கையில் பார்க்கும் உருண்டைத் தலை எஸ்எம்58 ஒரு வருடம் கழித்து, 1966-இல் வந்தது. உள்ளே இருப்பது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் தலையில். 58-இன் வலைப்பந்து உதட்டை கேப்ஸ்யூலிலிருந்து தள்ளி நிறுத்தும், ‘ப’ சொல்லும்போது வரும் காற்றைத் தடுக்கும். 57-க்கு அந்தப் பந்து இல்லை, அதனால் தோலுக்கோ ஸ்பீக்கருக்கோ ஒட்டினாற்போல் கொண்டுபோய் வைக்கலாம். பாடும்போது ஒரு நுரை உறையை மாட்டிவிட்டால் 57 கூட 58-இன் வேலையைச் செய்துவிடும். பாட்டு மட்டும்தான், வாத்தியமே இல்லை என்பவர்கள் 58 வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு 57.

சரி, இதே விலைக்கு ஆடியோ டெக்னிகா ஏடி2020 மாதிரி நல்ல கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்து இயக்கும், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காகிதத்தில் பார்த்தால் அது 20-இலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, இது 40-இலிருந்து 15,000 வரைதான். ஆனால் மைக் வேலை செய்யப்போவது நம் வீட்டு அறையில். மார்பிள் தரை, வெறும் சுவர், தலைக்கு மேலே மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் ஆட்டோ. 57 மாதிரி டைனமிக் மைக் (காந்தமும் கம்பிச்சுருளும் வைத்த, மின்சாரம் தேவைப்படாத வகை) வெளிச்சத்தத்தை எடுக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது அப்படியே உண்மை இல்லை. கார்டியாய்டு வகை, அதாவது முன்பக்கத்து ஒலியை அதிகம் எடுக்கும் மைக் இரண்டை ஒரே தூரத்தில் வைத்தால் அறையின் சத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் விழும். மாறுவது தூரம். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி இருந்த இடத்திலேயே இருக்கும். கண்டென்சரை பெரும்பாலோர் ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளி வைத்துப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவு தூரத்தில் வைத்தால் அந்த அறையும் சேர்ந்துதான் பாடும். 57-ஐ நாலு விரல் தூரத்தில் வைக்கலாம், அது அதற்கென்றே செய்யப்பட்டது. அறைச் சுவருக்கெல்லாம் பஞ்சு அடித்து வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கண்டென்சர் வாங்கலாம், மற்றவர்களுக்கு கிட்டத்தில் போகக்கூடிய மைக்தான் காசு மிச்சம்.

மைக்கை எங்கே வைப்பது என்பது மிருதங்கத்தை வைத்துச் சொன்னால்தான் சரியாகப் புரியும். மேடையில் வலந்தலைக்கு (வலது பக்கத் தோல்) ஒன்று, தொப்பிக்கு (ஆழமான ஒலி தரும் இடது பக்கத் தோல்) ஒன்று என்று இரண்டு மைக் வைப்பார்கள், வீட்டில் நம்மிடம் இருப்பது ஒன்று. வலந்தலைக்கு நேராக ஒரு சாண் தள்ளி வைத்தால் சாப்பு, மீட்டு என்ற அடிகள் பளிச்சென்று வரும், ஆனால் தொப்பி காணாமல் போய்விடும். 57-இன் குணம் அப்படி: 5,000, 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு, தள்ளி வைத்தால் 200-க்குக் கீழே மெலிந்துகொண்டே போகும். வலந்தலைக்கு அந்த மேடே போதும், அது எங்கே இருந்தாலும் வந்து சேர்ந்துவிடும், நாம் கவனிக்க வேண்டியது தொப்பியை. இரண்டு பக்கமும் ஒரே மைக்கில் விழ வேண்டும், இங்கே நாலு விரல் தூரம் சரிவராது. அதனால் நான் மைக்கை மிருதங்கத்துக்கு எதிரே ஒன்றேகால் அடி தள்ளி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், நடுவிலிருந்து தொப்பிப் பக்கமாக நகர்த்தி வைக்கிறேன். வாசிப்பவரைச் சும்மா ஆதி தாளத்தில் சர்வலகு (சீராக ஓடும் எளிய நடை) வாசிக்கச் சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு விரல்கடை அளவுக்கு இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். கும்கி (தொப்பியில் இழுத்து எழுப்பும் நாதம்) விழும்போது மணிக்கட்டு தோலின் மேல் உரசிக்கொண்டு போகும் சத்தமும் அதற்குக் கீழே அந்த ஆழமும் சேர்ந்து கேட்கிற ஒரு இடம் வரும், அங்கே நிறுத்துங்கள். ஒன்றை மறக்க வேண்டாம், தொப்பிக்கு ரவை பூசி சுருதி சேர்த்து முடித்த பிறகுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். ரவை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆழம் மாறிவிடும், முன்னால் பிடித்து வைத்த இடம் அப்புறம் பொருந்தாது.

குரலுக்கு வருவோம். வலைப்பந்து இல்லாத இந்தத் தலைக்கு முன்னால் நேராக வாயை வைத்துப் பாடினால் ‘ப’, ‘ம்பு’ எல்லாம் குத்தும். நுரை உறை கட்டாயம், விலையும் அதிகம் இல்லை. அதோடு மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மேலுதட்டு உயரத்திலிருந்து கீழ்நோக்கியோ, ஓரத்திலிருந்து கொஞ்சம் சாய்த்தோ வைத்தால் காற்று பக்கத்தில் போய்விடும், ‘ஸ’கரத்தின் கூர்மையும் அடங்கும். கிட்ட வரவர கீழ்ச்சுரங்கள் கனக்கும். ஆண் குரல்களில் மந்தர ஸ்தாயியில் பஞ்சமத்துக்குக் கீழே போகும்போது இந்தக் கனம் நன்றாக இருக்கும், தாரஸ்தாயிக்குப் போகும்போது தலையைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் போதும், மேடையில் பாடியவர்களுக்கு இது தானாகவே வரும். உயர்ந்த சுருதியில் பாடும் பெண் குரல்கள் சிலவற்றுக்கு அந்த 5,000 ஹெர்ட்ஸ் மேடு உறுத்துகிறது. சாய்த்து வைத்தும் போகவில்லை என்றால் ஈக்யூவில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த இடத்தில் இரண்டு மூன்று டெசிபல் குறைத்துக்கொள்ளுங்கள், அது ஒன்றும் பாவமில்லை.

வயலினிலும் இதே தொல்லைதான், நேராக வைத்தால் வில்லின் கரகரப்பு முன்னால் வந்து நிற்கும். நம் முறையில் கீழே உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால் ஒலித்துளைகள் மேலே பார்த்திருக்கும். ஒரு அடி மேலிருந்து, வில் ஓடும் இடத்தை விட்டு விலக்கி, விரல் பலகைப் பக்கம் சாய்த்து வைத்தால் உருண்டையான ஒலி வரும். இதற்கும் மிருதங்கத்துக்கும் வேண்டியது பூம் வைத்த குட்டை ஸ்டாண்ட். பாடகர் நின்றுகொண்டு பாடும் உயர ஸ்டாண்டை வாங்கி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு மைக் பிடிக்க முடியாது, புத்தகத்தை அடுக்கி அதன்மேல் மைக்கை வைக்கும் வேலையும் வேண்டாம், தரையின் அதிர்வு எல்லாம் ஏறிவரும்.

நாதஸ்வரம், தவில், பறை போன்றவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், எவ்வளவு சத்தம் வந்தாலும் இந்த மைக் அலறாது. நாதஸ்வரத்துக்கு அணசுக்குள் (அடியில் விரிந்திருக்கும் வாய்) மைக்கை நீட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை. ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது, இரண்டு அடி தள்ளி, துளைகளும் அணசும் சேர்ந்து விழுகிற மாதிரி வைத்தால்தான் கமகம் முழுசாகக் கேட்கும். எலக்ட்ரிக் கிதார் ஆம்ப்ளிஃபயருக்கு உலகம் முழுவதும் வைப்பதே இதைத்தான். ஸ்பீக்கர் நடுவில் வைத்தால் பளிச்சென்றும், ஒரு அங்குலம் விளிம்புப் பக்கம் நகர்த்தினால் இருட்டாகவும் வரும். அக்கூஸ்டிக் கிதாருக்கு சுமார்தான்.

இனி குறை. ஒரே சத்தத்துக்கு ஏடி2020 தரும் வோல்டேஜில் ஒன்பதில் ஒரு பங்குதான் இது தரும், அதாவது சுமார் 19 டெசிபல் குறைவு. தவிலுக்கு அது நல்லது, வீணைக்கு அது கொடுமை. வீணையின் ஒலியே அடக்கமானது, மீட்டிய பிறகு ஒரே மீட்டில் நாலு சுரம் இழுத்து வரும்போது கடைசிச் சுரம் வெறும் மூச்சளவு இருக்கும். அதைப் பிடிக்க கெய்னை (மைக்கின் சிக்னலைப் பெருக்கும் அளவு) திருகத் திருக, பின்னால் ‘உஸ்’ என்ற இரைச்சல் எழுந்து வந்து சுரத்தை மூடிவிடும். தம்புராவுக்கும் இதே கதை. வீணை வாசிப்பவர்கள், காதில் ரகசியம் சொல்வது போலப் பாடுபவர்கள், புல்லாங்குழலில் காற்றின் மென்மையும் சேர்ந்து வேண்டும் என்பவர்கள் எல்லாம் ஏடி2020 வாங்குங்கள், ராத்திரி தெரு அடங்கிய பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஈரக்காற்று அடிக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள் கண்டென்சரை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைக்க வேண்டியிருக்கும். 57-க்கு இந்தக் கவலையெல்லாம் அவ்வளவாக இல்லை.

மைக்கோடு இன்டர்ஃபேஸையும் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) சேர்த்துக் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் பலர் பாதியில் மாட்டிக்கொள்வது இங்கேதான். மைக்கின் எக்ஸ்எல்ஆர் இணைப்பிலிருந்து ஹெட்போன் துளையில் செருகும் 3.5 மில்லிமீட்டர் முனைக்குப் போகும் கேபிளை வாங்கி போனில் நேராகச் செருகினால் சத்தமே இல்லாத மாதிரிதான் வரும், மைக்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. குறைந்தது 55, முடிந்தால் 60 டெசிபல் கெய்ன் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 நாலாம் தலைமுறையில் 69 டெசிபல் வரை இருக்கிறது, அது தாராளம். கெய்னைக் கூட்டித்தரும் கிளவுட்லிஃப்டர் மாதிரிக் கருவியைத் தனியாக வாங்குவதைவிட அந்தக் காசை நல்ல இன்டர்ஃபேஸில் போடுவது மேல். இன்டர்ஃபேஸ் கேபிள் வழியாகக் கண்டென்சர் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் பேண்டம் பவர் இதற்குத் தேவையில்லை, தெரியாமல் போட்டுவிட்டாலும் கேபிள் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது.

கடைசியாக, போலி. உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் 57-உம் 58-உம் உண்டு, பெட்டியைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அச்சு அசலாக இருக்கும். என் நண்பர் ஒருவர் பாதி விலைக்குக் கிடைத்தது என்று ஒரு கடையில் வாங்கிவந்ததை என்னுடையதோடு சேர்த்து ஒரே மேசையில் வைத்துப் பார்த்தோம். கையில் எடுத்தவுடனே தெரிந்தது, அது லேசாக இருந்தது. அசல் 284 கிராம், சமையலறைத் தராசு போதும். குரலை ஒன்றின்பின் ஒன்றாகப் பதிவு செய்து கேட்டபோது அதில் மேல் ஓசை மட்டும் தகரமாக ஒலித்தது, கிட்டப் போனபோது வரவேண்டிய கனம் வரவே இல்லை. நம் ஊரில் வழக்கமாக விற்கும் அசல் பெட்டியில் மைக், கிளிப், ஸ்டாண்டுக்கான திருகு வளையம், பை ஆகியவைதான் இருக்கும், கேபிள் இருக்காது. நான் வாங்கியபோது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நாலாயிரம், ஐந்தாயிரத்துக்குப் புதுசு என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் அந்தப் போலியைவிட பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 எவ்வளவோ மேல், மிச்சத்தில் ஸ்டாண்டும் வாங்கலாம். பழைய அசல் 57 நல்ல விலைக்கு வந்தால் தயங்காமல் எடுங்கள், உள்ளே பழுதானாலும் ஆர்57 என்ற கேப்ஸ்யூலைத் தனியாகவே விற்கிறார்கள், மாற்றிக்கொள்ளலாம். அங்கேயே ஒருமுறை சொருகிப் பேசிப் பார்த்து, எடையும் போட்டுவிட்டு, பில்லோடு வாங்குங்கள்.