மைட்டர் ஷூட்டிங் போர்டு: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

படச்சட்டம் செய்யத் தொடங்கும் பலரும் 45 டிகிரியிலேயே குறியாக இருப்பார்கள். அதைவிட முக்கியம், ஒரு மூலையில் சேரும் இரண்டு முனைகளையும் கூட்டினால் 90 வருவது. மைட்டர் ஷூட்டிங் போர்டை, அதாவது சாய்வாக வெட்டிய சட்ட முனைகளைக் கோணம் பிசகாமல் இழைப்புளியால் சீவ உதவும் பலகையை, நான் இன்றுவரை கைவிடாததற்குக் காரணமே இதுதான்.

ரம்பத்தில் வெட்டு ஒவ்வொன்றும் அரை டிகிரி ஒரே பக்கம் சாய்ந்தால், எட்டு வெட்டுக்கு 4 டிகிரி. மூன்று மூலைகள் அழகாக மூடிவிடும், நாலாவது வாய் பிளந்து நிற்கும். போர்டின் நடுவில் உள்ள முக்கோணக் கட்டையின் உச்சி சரியாக 90 என்றால் இந்தக் கவலை இல்லை. ஒரு முனையை இடப்பக்கமும் அதோடு சேரும் முனையை வலப்பக்கமும் வைத்து இழைத்தால், ஒன்று 45.1 ஆனாலும் மற்றது தானாக 44.9 ஆகிவிடும். அதற்காகக் கட்டையை ஏனோதானோவென்று பொருத்தலாம் என்று அர்த்தமில்லை. 40 மி.மீ. அகலச் சட்டத்தில் ஒரு முனை 45.5, மற்றது 44.5 என்றால் சேரும் முகங்களின் நீளத்தில் கிட்டத்தட்ட 1 மி.மீ. வித்தியாசம் வரும், செதுக்கல் கோடுகள் ஒன்றோடொன்று சேராது.

நீளம் இன்னும் கறாரான விஷயம். எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து நகத்தால் முனையைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கம் நகத்தில் தட்டும். நீளமானதை இன்னும் ஒரு சீவல் எடுத்தால் போதும். ரம்பத்தால் இவ்வளவு மெல்லியதாக எடுக்கவே முடியாது.

இழைப்புளியின் கூர்மைதான் எல்லாம். முனையிலிருந்து சீவல் சுருளாக வந்தால் சரி, பொடியாக உதிர்ந்தால் தீட்டும் நேரம் வந்துவிட்டது. அலகு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சட்டத்தின் முன்பக்கம் மூடி பின்பக்கம் திறக்கும், அல்லது நேர்மாறாக. அதனால் வெட்டுமுகத்தில் மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே மற்ற முனைகளுக்குப் போவேன்.

குறைகளும் உண்டு. ஒரு பக்க முனைக்கு இழைப்புளியை எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும், இதற்குக் கை பழக நாளாகும். எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அடிப்பலகை ஈரக்காற்றில் ஊதும், அதனால் பிளைவுட்டே மேல். கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு துளி மரத்தூள் சிக்கினாலும் கோணம் போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரஷ் போடுவது அலுப்புதான், வேறு வழியில்லை. இழைப்புளி ஓடும் பாதையில் மெழுகு தேய்த்து வைத்தால் இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும்.

ஒன்றை மட்டும் எந்தப் போர்டாலும் தடுக்க முடியாது. மரம் காயும்போது அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் மிகக் குறைவு. அப்போது மூலை உட்புறமாகத் திறக்கும். அகலமான சட்டத்தில் இது பளிச்சென்று தெரியும். எனவே நன்றாகக் காய்ந்த மரம் கிடைக்காவிட்டால் குறுகிய சட்டமாகவே செய்யுங்கள். ஒட்டும்போது முனைகள் பசையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்துச் சில நிமிடம் விட்டு, மறுபடி தடவி, சட்டத்தைச் சுற்றி இறுக்கும் பட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.