பதினேழு குப்பிகள் நான்காகக் குறைந்த கதை: தோலில் நறுமண எண்ணெய், ஒன்பது ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் ஒரு காலத்தில் பதினேழு நறுமண எண்ணெய்க் குப்பிகள் இருந்தன. இப்போது நீலகிரி தைலம், கிராம்புத் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், லாவெண்டர் என்று நான்கே மிஞ்சியிருக்கின்றன. எசென்ஷியல் ஆயில் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் இவற்றை 2016-ஆம் ஆண்டு முதல் தோள்வலி, பொடுகு, கொசுக்கடி, பல்வலி போன்ற சின்னச் சின்னத் தொந்தரவுகளுக்காக என் தோலிலும் வீட்டாரின் தோலிலும் பயன்படுத்தி வருகிறேன். எஞ்சிய பதின்மூன்றும் ஏன் பெட்டியை விட்டுப் போயின என்பதையும், இந்த நான்கையும் இப்போது எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறேன் என்பதையும் எழுதினால் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. நான் மருத்துவரோ சித்த வைத்தியரோ அல்ல; இது ஒரு குடும்பத் தலைவியின் அனுபவம் மட்டுமே.

எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம். மற்ற ஊர்களில் தைல மரம் என்று சொல்லப்படும் யூகலிப்டஸை எங்கள் பக்கம் கற்பூர மரம் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் விறகுத் தேவைக்காக மலையெங்கும் நடப்பட்ட மரம் அது. சிறுவயதில் தைலம் காய்ச்சும் கொட்டகைக்கு எதிரே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். பெரிய கலத்தில் இலையைத் திணித்து, அடியில் தீ மூட்டுவார்கள். மேலே வரும் ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீரைக் கடந்து போய், முனையில் நீரும் எண்ணெயுமாகச் சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். அதை மட்டும் வடித்தெடுப்பார்கள். ஒரு கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய 10 மில்லி எண்ணெய் கிடைத்தாலே நல்ல வரத்து. இந்தக் கணக்கு பின்னாளில் எனக்குப் பெரிதும் உதவியது. நொச்சியிலையோ தைல இலையோ ஒரு கைப்பிடி போட்டு ஆவி பிடித்த நம் பாட்டிமார்களின் வழக்கத்தை வைத்து இந்தக் குப்பியை எடைபோடக் கூடாது. உள்ளங்கைக்குள் அடங்கும் 10 மில்லிக் குப்பியில் ஒரு கிலோ இலையின் சாரம் நிற்கிறது. இலையில் செய்ததை எண்ணெயில் செய்யலாம் என்று நினைத்ததுதான் நான் செய்த எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

முதல் தவறு எலுமிச்சைப்புல் தைலத்தில் நடந்தது. மாலையில் மொட்டை மாடியில் கொசுத் தொல்லை தாங்காமல், குப்பியைக் கவிழ்த்து நாலைந்து சொட்டுகளை அப்படியே கணுக்காலில் தேய்த்துக்கொண்டேன். இருபது நிமிடத்தில் காலுறையின் பட்டி அழுத்தும் இடம் முழுவதும் செக்கச்செவேல் என்று எரிந்தது. ஓடிப்போய்த் தண்ணீரில் கழுவினேன்; எரிச்சல் குறையவேயில்லை. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. என் மாமியார்தான் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். அதன் பிறகே அடங்கியது. எலுமிச்சைப்புல் தைலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிட்ரால் என்ற பொருள் இருக்கிறது. அது தோலை எரிப்பது மட்டுமல்லாமல் ஒவ்வாமையையும் தூண்டக்கூடியது என்பதால், தோலில் பூசும் கலவையில் இந்தத் தைலம் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையினர் பின்பற்றும் அளவு. நான் போட்டதோ நூறு சதவீதம்.

அன்றிலிருந்து அளந்துதான் கலக்கிறேன். 30 மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ ஆறு சொட்டுச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கலவை வரும்; பன்னிரண்டு சொட்டுக்கு இரண்டு சதவீதம். எலுமிச்சைப்புல்லுக்கு அந்த 0.7 தான் எல்லை; மற்றவற்றில் பெரியவர்களின் உடம்புக்கு இரண்டு சதவீதத்தையும், முகத்துக்கு ஒன்றையும் நான் தாண்டுவதில்லை. ஆனால் சொட்டு என்பது நம்பத்தகுந்த அளவு அல்ல. ஒரு குப்பியின் மூடியில் 20 சொட்டுக்கு ஒரு மில்லி வந்தால், இன்னொன்றில் 30 சொட்டுக்குத்தான் வரும். ரப்பர்க் குமிழ் வைத்த டிராப்பரோடு விற்கப்படும் குப்பிகளை நான் வாங்குவதே இல்லை. சில மாதங்களில் அந்தக் குமிழ் ஊறிப் பெருத்து, விரலில் ஒட்டும் பிசினாகிக் குப்பிக்குள்ளேயே கரைவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ரப்பரையே இந்தப் பாடுபடுத்துவதைத் தோலில் அப்படியே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு அந்தக் குமிழைக் காட்டினாலே போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில் அளந்து கலப்பதே இப்போதைய வழக்கம்; அதன் உள்ளே இருக்கும் ரப்பரும் ஊறிவிடும் என்பதால் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை.

புதிய கலவை எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் இரண்டு சொட்டுத் தடவி, ஒரு துணிப் பிளாஸ்திரி ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பேன். கலக்காத எண்ணெயில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, சோதனையே புண்ணாகிவிடும். பிளாஸ்திரியைப் பிரித்த உடனே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. எரிச்சல் உடனே தெரியும். ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டும். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை எனக்குக் கற்றுத் தந்தது, ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் டீ ட்ரீ எண்ணெய்.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகப்பருவுக்கு டீ ட்ரீ ஓரளவு பயன் தரும் என்பது வெறும் விளம்பரம் அல்ல. 1990-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து சதவீத டீ ட்ரீ ஜெல், பருவுக்கு வழக்கமாகத் தரப்படும் பென்சாயில் பெராக்சைடு மருந்தின் அதே அளவைவிட மெதுவாக, ஆனால் குறைந்த பக்க விளைவுகளோடு வேலை செய்தது. எனக்கும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. தாடையோரப் பருக்களுக்கும் பொடுகுக்கும் நன்றாகவே கைகொடுத்தது. மூன்றாம் ஆண்டில் காதுக்குப் பின்னால் அரிப்பு தொடங்கியது; வியர்வை என்று நினைத்தேன். பிறகு கழுத்தில் சொரசொரப்பான சிவந்த திட்டுகள் வந்தன. பூஞ்சைத் தொற்று என்று நானே முடிவு செய்து, அதற்கும் டீ ட்ரீயையே கூடுதலாகப் போட்டேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது குப்பி எங்கே இருக்கிறது என்பதைத்தான். குளியலறையில், கீசருக்குப் பக்கத்துத் தட்டில் இரண்டரை ஆண்டுகளாக இருந்தது. தினமும் திறந்து மூடியதில் காற்றும், கீசரின் சூடும், ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து எண்ணெயை மாற்றிவிட்டிருந்தன. வாங்கியபோது சுத்தமான கற்பூர நெடி அடித்த எண்ணெய், பெயிண்ட் கடை டர்ப்பன்டைன் போலக் குத்தியது. நாள்தோறும் முகர்ந்ததால் அந்த மாற்றமே என் மூக்குக்குத் தெரியவில்லை. காற்றுப் பட்டுச் சிதைந்த டீ ட்ரீ எண்ணெயில் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்கள் புதிய எண்ணெயில் இருப்பதைவிட அதிகம் உருவாகின்றன. லாவெண்டரில் உள்ள லினலூலும், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள லிமோனினும் இதே போலக் காற்றில் கெடுபவைதான். முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக மருந்து வைத்து ஒட்டிச் செய்யும் பேட்ச் டெஸ்ட் எனக்குச் செய்யப்பட்டது. கோவையின் ஏப்ரல் வெயிலில் இரண்டு நாள் முதுகு நனையாமல் இருந்ததைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். இரண்டாம் நாள் பிரித்தபோது டீ ட்ரீ வைத்த வட்டம் இலேசாகச் சிவந்திருந்தது. நான்காம் நாள் பார்த்தபோது தடித்துக் கொப்பளம் போல் ஆகியிருந்தது. இப்படி ஒரு முறை உடம்பு ஒரு பொருளை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால் பொதுவாக வாழ்நாள் முழுக்க மறப்பதில்லை. அதனால் ஷாம்பு வாங்கினாலும் முகம் கழுவும் திரவம் வாங்கினாலும், மெலலூக்கா ஆல்டெர்னிஃபோலியா என்ற டீ ட்ரீயின் அறிவியல் பெயர் சிறிய எழுத்தில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுத் தேடுகிறேன்.

கிராம்புத் தைலத்தை வைத்திருப்பது பல்வலிக்காக மட்டுமே. அதில் பெரும்பங்கு யூஜினால். பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகக் குழி அடைக்கும் அதே பொருள். மரத்துப்போகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் பஞ்சில் நேரடியாக நனைத்து ஓர் இரவு முழுவதும் கடைவாயில் அடக்கிக்கொண்ட என் கணவருக்குக் காலையில் ஈறு வெளுத்துத் தோலுரிந்திருந்தது. இப்போது ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு. அதில் தொட்ட பஞ்சுக் குச்சியால் பல்லை ஒட்டி ஒற்றியெடுப்பதோடு சரி. பல் மருத்துவரிடம் போகும்வரை தாக்குப்பிடிக்கத்தான் அது.

ஊட்டிக் கடைகளில் வர்க்கிக்கும் சாக்லேட்டுக்கும் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருக்கும் குப்பிகளில் விண்டர்கிரீன் தைலமும் ஒன்று. முழங்கால் வலிக்கு அதை வாங்கி வரச் சொல்லி என் மாமனார் கேட்டார், நானும் வாங்கிவிட்டேன். ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான் அது; ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஐந்து மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி, வயிற்றுக்குள் போனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஒரு குழந்தையைக் கொல்ல அது போதும். தோலில் தேய்த்தாலும் இரத்தத்தில் சேரும். மாமனார் இதய வால்வுக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்பவர். சாலிசிலேட் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கும் என்று மருத்துவர் கண்டித்துச் சொன்னதால், மூடியைக்கூடத் திறக்காமல் அந்தக் குப்பி வெளியேறியது. "தேய்க்கிற தைலம்தானேம்மா, உள்ளுக்கா சாப்பிடப் போறேன்?" என்று மாமனார் இன்றும் குறைப்பட்டுக்கொள்வார்.

குழந்தைகள் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு வயதுக்குள் எந்த நறுமண எண்ணெயும் தோலில் வேண்டாம். அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கும் நீலகிரி தைலம், புதினா எண்ணெய், கற்பூரம் கலந்த எதையும் மூக்குக்கருகிலோ நெஞ்சிலோ தேய்க்கக் கூடாது. மூச்சுத் திணறல் வரக்கூடும். சளி பிடித்த கைக்குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தேய்ப்பது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம் என்பதால், இதைச் சொல்லி என் நாத்தனாரிடம் ஒரு மாதம் பேச்சு வார்த்தையை இழந்தேன். கற்பூரமும் யூகலிப்டஸும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பதைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோயுள்ள பெரியவர்களும் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

தோலிலிருந்து பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயையும், பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயையும் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் பழுப்புத் தழும்பு நிற்கும். ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் எனக்கு அவை ஆகாது என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டேன். டெங்கு பரவும் மழைக்காலத்தில் எலுமிச்சைப்புல் தைலத்தையும் நம்புவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஆவியாகிவிடும் வாசனையை நம்பிப் பிள்ளையை வெளியே அனுப்புவதைவிட, டீட் என்ற வேதிப்பொருள் உள்ள கொசுவிரட்டிக் களிம்பே மேல்.

வாங்கும்போது தாவரத்தின் அறிவியல் பெயரும் தயாரித்த தேதியும் இல்லாத குப்பியைத் தொடுவதில்லை. தெரபியூட்டிக் கிரேடு (மருத்துவத் தரம்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒரு காலத்தில் மூன்று மடங்கு விலை கொடுத்திருக்கிறேன். அப்படி ஓர் அரசுத் தரச்சான்று எதுவும் இல்லை, அது விற்பவர்களே சூட்டிக்கொள்ளும் பட்டம். மலையில் வாங்கும் நீலகிரி தைலத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் காத்திருந்தால், நல்ல தைலம் கறையில்லாமல் பறந்துவிடும், பஜ்ஜிப் பொட்டலம் போலக் கறை நின்றால் அதில் சமையல் எண்ணெயோ பாரஃபினோ கலந்திருக்கிறது. ஸ்பிரிட் கலந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையில் தெரியாது.

நான்கு குப்பிகளும் இப்போது கருஞ்சிவப்புக் கண்ணாடியில், இறுக மூடி, ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் திறந்த தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. ஓர் ஆண்டு ஆனதும் தோலுக்கு அது ஓய்வு பெற்றுவிடும். நீலகிரி தைலக் கலவை தோள்வலியைத் தீர்க்கிறதா என்று கேட்டால், இல்லை. அரை மணி நேரம் குளுமையும் சூடுமாக ஏதோ செய்து வலியை மறக்கடிக்கிறது, அந்த அரை மணியில் தூக்கம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை. ஓராண்டு கடந்த தைலத்தையும் வீணாக்குவதில்லை: புதுப் பாத்திரங்களில் விலைச் சீட்டு ஒட்டியிருந்த இடத்தில் நிற்கும் பசையை அதைப் போல எளிதாக எடுப்பது வேறொன்றும் இல்லை, கையுறை போட்டுக்கொண்டால் சரி.