சிலிக்கான் மேல் நீர் விலக்கும் பூச்சு: லேம்ப்ஸ் மென்பொருள் எப்படி?

சிலிக்கான் தகட்டின் மேல் ஆக்டாடெசில்டிரைகுளோரோசிலேன், சுருக்கமாக ஓடிஎஸ், படிந்து உருவாகும் ஒற்றை மூலக்கூறு அடுக்கின் தடிமன் சுமார் 2.5 நானோமீட்டர். நன்றாக அமைந்த அடுக்கில் நீரின் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்) 110 டிகிரிக்கு அருகில் நிற்கும். இதைக் கணினியில் அணு அணுவாகக் கட்டி, அணுக்களின் அசைவைக் கணித்துச் சோதிக்க, இலவச மென்பொருள்களில் எங்கள் முதல் தேர்வு லேம்ப்ஸ். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் பிறந்த இது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் மூலநிரலோடு கிடைக்கிறது.

அடித்தளத்தின் பிணைப்புகள் கணிப்புப் பெட்டியின் எல்லையைத் தாண்டி மறுபக்கம் தொடர்வதை லேம்ப்ஸ் இயல்பாகவே ஏற்கும். இதே வேலைக்கான இன்னொரு இலவச மென்பொருளான குரோமேக்ஸில் அதற்குத் தனி அமைப்பு வேண்டும். ஒரே ஜிபியு உள்ள மேசைக்கணினியில் வேகம்தான் முக்கியம் என்றால் குரோமேக்ஸ் பெரும்பாலும் முந்தும்.

தொடுகோணத்தை அளக்க அடுக்கின் மேல் வைக்கும் நீர்த்துளியை அரைக்கோளமாக வைக்காமல், ஒரு திசையில் முடிவின்றித் தொடரும் உருளையாக வையுங்கள். கோளத்துளியில் விளிம்புக்கோட்டின் இழுவிசை கோணத்தைத் துளியின் அளவுக்கேற்ப மாற்றிவிடும். 16 × 4 நானோமீட்டர் அடித்தளம், சதுர நானோமீட்டருக்கு 4.5 ஓடிஎஸ் சங்கிலிகள், சுமார் 4,800 நீர் மூலக்கூறுகள்: மொத்தம் 40,000 அணுக்கள் அளவில் முடியும். ஒவ்வொரு ஓடிஎஸ் தலையையும் (அடித்தளத்தோடு ஒட்டும் சிலிக்கான் முனை) பக்கத்துத் தலைகளோடு முழுமையாகப் பிணைக்க முயலாதீர்கள். சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் இணைப்பு தலைகளை 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இழுக்கும், சங்கிலிக்கோ 4.5 ஆங்ஸ்ட்ராமாவது இடம் தேவை. மீந்த ஆக்சிஜன்களில் ஹைட்ரஜன் சேர்த்து மூடிவிடுவதே சரி. சங்கிலிகள் மிகக் குறைந்தால் அவை சாய்ந்து படுக்கும், நீர் கீழே உள்ள, நீரை ஈர்க்கும் சிலனால் (சிலிக்கான்-ஓஹெச்) தொகுதிகள் வரை இறங்கும், கோணம் சரியும்.

லேம்ப்ஸின் பெரிய குறை, தவறான அமைப்பையும் எச்சரிக்காமல் ஓட்டிவிடுவது. ஓபிஎல்எஸ் விசைப்புலத்தில் (அணுக்களுக்கு இடையிலான விசைகளுக்கான சூத்திரத் தொகுப்பு) 1-4 அணுச்சோடிகளுக்கு (மூன்று பிணைப்புகள் தள்ளி நிற்பவை) 0.5 எடை வேண்டும். 'ஸ்பெஷல் பாண்ட்ஸ்' கட்டளையின் இயல்பு மதிப்போ 0. அப்படியே விட்டால் சங்கிலிகளின் வளைவு மாறும், ஓட்டம் மட்டும் ஒழுங்காக முடியும். கலப்பு விதியும் (இரு வேறு வகை அணுக்களுக்கு இடையிலான அளவுருக்களைக் கணிக்கும் விதி) அப்படித்தான்: இயல்பில் இருக்கும் பெருக்குச் சராசரி ஓபிஎல்எஸ்ஸுக்குச் சரி, சார்ம் வகை விசைப்புலத்துக்குத் தவறு. இந்த இரண்டு வரிகளையும் உள்ளீட்டுக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

மேல்-கீழ் திசையில் மறுபக்கம் தொடராதபடி பெட்டியை மூடி, நீள்தூர மின்விசைக்கு, அந்தத் திசையில் பிரதிகளின் தாக்கத்தை நீக்கும் 'ஸ்லாப் 3.0' திருத்தம் தாருங்கள். ஆவியாகும் மூலக்கூறு மேலே தப்பினால் 'லாஸ்ட் ஆட்டம்ஸ்' பிழையோடு ஓட்டம் நிற்கும். உச்சியில் ஒரு பிரதிபலிப்புச் சுவர் போதும். அடித்தள அணுக்களை உறையவைத்து, நீரை, பிணைப்பு நீளங்களை மாறாமல் வைக்கும் 'ஷேக்' கொண்டு விறைப்பாக்கினால் 1 ஃபெம்டோநொடிப் படி பாதுகாப்பானது.

எஸ்பிசி/இ என்ற நீர் மாதிரியின் பரப்பு இழுவிசை உண்மையான 72-ஐ விடக் குறைவு, மீட்டருக்கு 60 மில்லிநியூட்டனைச் சற்றே தாண்டும். டிப்4பி/2005 மாதிரி உண்மைக்கு நெருக்கம், செலவு கூடுதல். பரிசோதனையோடு ஒப்பிடுவதானால் அந்தச் செலவைத் தயங்காமல் ஏற்கலாம்.

கோணத்தை நேரடியாகச் சொல்லும் கட்டளை எதுவும் இல்லை. உருளை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பதால், நிலையான கட்டங்களில் அடர்த்தியைச் சராசரி எடுத்தால் விளிம்பு மங்கும். மடிக்கப்படாத ஆயங்களைச் (பெட்டியின் எல்லையைத் தாண்டினாலும் தொடர்ந்து எண்ணப்படும் இடக்குறிகள்) சேமித்து, ஒவ்வொரு சட்டகத்திலும் துளியின் நிறைமையத்தைக் கழித்த பிறகே சராசரி எடுங்கள். பாதி அடர்த்திக் கோட்டுக்கு வட்டம் பொருத்தும்போது, பரப்பை ஒட்டிய 0.8 நானோமீட்டரை விட்டுவிடுங்கள். அங்கே நீர் அடுக்கடுக்காக நிற்கும்.

வரும் எண்ணை முன்னேறும் கோணத்தோடும் (துளி பரவும்போது) பின்வாங்கும் கோணத்தோடும் (துளி சுருங்கும்போது) தனித்தனியே பொருத்திப் பார்க்க முடியாது. உண்மைத் தகட்டில் அந்த இடைவெளியை உண்டாக்கும் கட்டிகளும் ஓட்டைகளும் 16 நானோமீட்டர் பெட்டிக்குள் அடங்குவதில்லை.