ஜப்பானில் இருந்து பழைய லாண்ட் குரூசர் தருவிக்க எண்ணுவோருக்கு: முழு ஏலத் தாளைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்

ரொறன்ரோவிலும் அதைச் சூழவுள்ள நகரங்களிலும் வாழும் தமிழர்களிடம், ஜப்பானில் இருந்து பழைய நான்கு சக்கர இயக்க வாகனங்களைத் தருவித்துக் கொடுப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கும் ஒரு தரகர், வெளியே புதுக் கறுப்புச் சாயமும் உள்ளே உளுத்துப்போன அடிச்சட்டமும் கொண்ட ஒரு வாகனத்தை என் தலையில் கட்டிவிட்டார். என் முறைப்பாடு இன்னும் பரிசீலனையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கு எழுதவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறையை விரிவாக எழுதுகிறேன். இதே முறையில் வேறு சிலரிடமும் அவர் முற்பணம் வாங்கியிருப்பதை அறிவேன். இந்தக் குளிர்காலத்துக்கு முன்னர் இன்னும் பலரிடம் வாங்குவார்.

நான் கேட்டது 1993ஆம் ஆண்டின் ரொயோட்டா லாண்ட் குரூசர் 80. 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், ரேர்போ டீசல் எஞ்சின். முன்னும் பின்னும் முழு அச்சு. நான்கு சக்கரங்களுக்கும் சுருள் வில். வட அமெரிக்காவில் இந்த வரிசை பெற்றோல் எஞ்சினுடன்தான் விற்கப்பட்டது என்பதால், டீசல் வேண்டுமென்றால் வெளிநாட்டில் இருந்துதான் தருவிக்க வேண்டும். உற்பத்தியாகி 15 ஆண்டுகள் கடந்த வாகனத்தைக் கனடாவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் தர நிபந்தனைகள் கட்டுப்படுத்துவதில்லை. அமெரிக்காவில் அந்த எல்லை 25 ஆண்டுகள். தரகர் இந்த விலக்கைத்தான் தம் முதன்மையான விளம்பரமாகச் சொன்னார்: "அரசாங்கம் ஒரு சோதனையும் செய்யாது தம்பி, இறக்கின கையோடு ஓடலாம்." எல்லையில் பாதுகாப்புச் சோதனை இல்லை என்ற அளவில் மட்டுமே அது உண்மை. எல்லையில் வாகனத்தின் பாதுகாப்பை எவரும் பார்க்க மாட்டார்கள் என்றால், அது பாதுகாப்பற்றதாக இருந்தாலும் எவரும் தடுக்க மாட்டார்கள் என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஒன்ராறியோவில் இலக்கத் தகடு பெறுவதற்கு சேஃப்டி சான்றிதழ் கட்டாயம் என்பதையும், அந்தச் சோதனையில் துருவால் ஓட்டை விழுந்த அடிச்சட்டம் தேறாது என்பதையும் அவர் சொல்லவில்லை.

ஜப்பானில் பழைய வாகனங்கள் பெரும்பாலும் ஏலச் சந்தைகள் வழியாகவே கைமாறுகின்றன. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வாகனத்தையும் சந்தையின் சோதனையாளர் பார்த்து ஒரு தாளை நிரப்புவார். ஒட்டுமொத்தத் தரப் புள்ளி, உட்புறத்துக்குத் தனியாக ஓர் எழுத்து, மீற்றர் காட்டும் தூரம், வாகனத்தின் வரைபடத்தின்மேல் கீறலுக்கும் நெளிவுக்கும் துருவுக்கும் தனித்தனிக் குறிகள், இவற்றோடு சோதனையாளர் தம் கையால் ஜப்பானிய மொழியில் எழுதும் குறிப்புகள் என்பன அதில் இருக்கும். பொதுவாக எஸ் என்ற எழுத்து மேற்பரப்புத் துருவையும், சி என்ற எழுத்து உலோகத்தை அரித்துவிட்ட துருவையும் குறிக்கும். பக்கத்தில் உள்ள எண் கூடக் கூடச் சேதமும் கூடும். ஆர் என்று தரமிட்டால் விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சார்பில்லாதவர் நிரப்பும் தாள் என்பதால், கடல் கடந்து வாங்குகிறவருக்கு இதைவிடப் பெறுமதியான காகிதம் வேறில்லை.

எனக்குத் தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது அந்தத் தாளின் மேற்பகுதி மட்டுமே. தரப் புள்ளி 4, உட்புறம் பி, தூரம் 148,000 கிலோமீற்றர் என்பவை தெளிவாகத் தெரிந்தன. வாகனத்தின் வரைபடமும் சோதனையாளரின் குறிப்பும் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னரே படம் முடிந்தது. முழுத் தாளையும் அனுப்புமாறு எழுத்தில் கேட்டேன். மிகுதிப் பகுதியில் ஏலச் சந்தையின் இரகசிய விபரங்கள் இருப்பதாகவும், உறுப்பினர் அல்லாதவருக்குக் காட்டினால் தம் உரிமம் போய்விடும் என்றும் பதில் வந்தது. அது முழுப் பொய். வாங்குகிறவருக்கு முழுத் தாளையும் அனுப்புவது இந்தத் தொழிலில் நாளாந்த நடைமுறை. கூடவே, வாகனம் நாகோயா நகரில் ஒரே உரிமையாளரிடம் இருந்தது, பனியையே கண்டதில்லை என்று உறுதியாகச் சொன்னார். அந்தச் செய்தி இன்றும் என்னிடம் இருக்கிறது.

அந்த ஒரு கூற்றே அவருடைய வணிகத்தின் நாணயத்தைக் காட்டப் போதுமானது என்பதால் அதைச் சற்று விளக்குகிறேன். ஜப்பான் 1992இல் பெருநகரங்களின் காற்று மாசைக் குறைப்பதற்கெனத் தனியான வாகனச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, 2001இல் அதைத் திருத்தி டீசல் புகைத் துகள்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தத்தின்பின் தோக்கியோ, ஒசாக்கா, நாகோயா ஆகிய பெருநகரப் பகுதிகளில், வரம்புக்கு மேல் புகை கக்கும் பழைய டீசல் வாகனங்களுக்குச் சலுகைக் காலம் முடிந்ததும் பதிவைத் தொடர முடியாமல் போயிற்று. 1993ஆம் ஆண்டின் டீசல் லாண்ட் குரூசர் இந்தக் காலம் வரை நாகோயா நகரிலேயே பதிவில் இருந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் தொழில் தெரியாதவர் அல்லது பொய் சொல்கிறவர். எஞ்சியிருக்கும் இத்தகைய டீசல் வாகனங்களிற் பல, அந்தச் சட்டம் எட்டாத மாவட்டங்களில் ஓடியவை. அவற்றுள் ஹொக்கைடோ, அஒமோரி, நிகாட்டா போன்ற கடும்பனிப் பிரதேசங்களும் அடங்கும். அங்கே வீதிகளில் பனியை உருக்கத் தூவும் உப்பு வாகனத்தின் அடிப்பகுதியைத் தின்றுவிடும். மழையும் வெயிலும் மட்டுமே கண்ட தென்மேற்கு மாவட்டங்களில் இருந்தும் நல்ல வாகனங்கள் வரத்தான் செய்கின்றன. ஆகவே எந்த மாவட்டத்தில் எத்தனை ஆண்டு ஓடியது என்ற கேள்விதான் விலையைவிட முக்கியமானது.

வாகனம் வன்கூவருக்கு அருகே உள்ள நியூ வெஸ்ட்மின்ஸ்டர் துறைமுகத்தில் இறங்கியபோது முதற் சிக்கல் வந்தது. கனடிய உணவுச் சோதனை முகவரகம் வெளிநாட்டு மண் ஒட்டிய வாகனத்தை உள்ளே விடாது. பூச்சிகளும் பயிர் நோய்களும் மண்ணோடு வந்துவிடும் என்பது காரணம். சக்கர வளைவுகளிலும் அடிச்சட்டத்தின் உட்குழிகளிலும் சேறு இறுகியிருந்ததால், வாகனத்தைத் தடுத்துவைத்து அழுத்த நீரால் கழுவினார்கள். கழுவிய செலவும் தரிப்புக் கட்டணமும் என்னுடையவை. ஏற்றுமதிக்கு முன் கழுவுவதற்கென்று தரகர் என்னிடம் தனியாகப் பணம் வாங்கியிருந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்தக் கழுவல்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. அடிப்பகுதி முழுவதும் பூசியிருந்த கறுப்புச் சாயம் தகடு தகடாக உரிந்து, அதன் கீழிருந்த செம்பழுப்புத் துரு அங்கிருந்து ரொறன்ரோவுக்கு வாகனத்தை ஏற்றிய பார ஊர்திக்காரர் எடுத்த படங்களிலேயே தெரிந்தது.

சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்துக்குக் கறுப்புச் சாயம் அடிப்பது ஜப்பானில் வழமையான பராமரிப்பு வேலைதான். சாயம் இருப்பதாலேயே மோசடி என்று முடிவுகட்ட முடியாது. துருவைச் சுரண்டி நீக்காமல், சேற்றைக்கூடக் கழுவாமல், மேலே அடித்து மூடுவதுதான் மோசடி. ஸ்காபரோவில் நெடுங்காலமாக டீசல் வாகனங்களைத் திருத்திவரும் மெக்கானிக் ஒருவர் வாகனத்தைத் தூக்கிவைத்து, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினார். இரும்பின் ஓசை வரவில்லை. திருப்புளியை அழுத்தியபோது அது உள்ளே போய்விட்டது. பின் அச்சைத் தாங்கும் பிணைப்புகளின் அருகிலும், உடற்கூட்டைச் சட்டத்தோடு இணைக்கும் இரண்டு இடங்களிலும் அதே நிலை. இந்த வாகனத்துக்கு உடற்கூடு வேறு, அடிச்சட்டம் வேறு. மொத்தப் பாரத்தையும் இழுவையையும் தாங்குவது சட்டம்தான். அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் கூலி வாகனத்தின் விலையில் பாதிக்கு மேல் போகும் என்றும், தம் கையொப்பத்தோடு சேஃப்டி தர முடியாது என்றும் அவர் நேராகச் சொன்னார். பின்னிருக்கையில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அல்கொன்குயின் காட்டுப் பாதைகளில் ஓடுவதற்கென்று வாங்கிய வாகனம் இது.

அடுத்தது மீற்றர். எஞ்சின் பகுதியில், டைமிங் பெல்ட் மாற்றிய திகதியையும் அப்போதைய தூரத்தையும் எழுதி ஜப்பானிய மெக்கானிக்குகள் ஒட்டும் சிறிய ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. இந்த எஞ்சினில் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பெல்ட் மாற்ற வேண்டும் என்பதால் அது கவனமாகப் பதியப்படும். அந்த ஒட்டுத்தாளில் இருந்த எண் 208,000. மீற்றரோ 148,000 என்கிறது. 1995க்கு முந்தைய இந்த டீசல் எஞ்சினில் கிராங்க் பக்கப் பேரிங்குகள் தேய்வது உலகெங்கும் அறியப்பட்ட குறை. எவ்வளவு ஓடியது என்று தெரியாவிட்டால் அவற்றை எப்போது மாற்றுவது என்றும் தெரியாது, விட்டுவிட்டால் எஞ்சினே போய்விடும். மீற்றரைத் திருப்பியவர் விலையில் ஏமாற்றியதோடு நிற்கவில்லை. எஞ்சினைக் காப்பாற்றும் வாய்ப்பையும் பறித்துவிட்டார்.

வாகனத்தின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் பழைய ஏலத் தாள்களைத் தேடித் தரும் கட்டணச் சேவைகள் உள்ளன. அவற்றில் ஒன்றின் மூலம் முழு வரலாறும் கிடைத்தது. எனக்கு விற்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் இதே வாகனம் ஹொக்கைடோவில் ஏலத்துக்கு வந்திருக்கிறது. தரப் புள்ளி 3. வரைபடத்தின் பின்பகுதி முழுவதும் சி குறிகள். அடிப்பகுதியில் கடும் துரு, துருவால் ஓட்டை என்ற கையெழுத்துக் குறிப்பு. மீற்றரின் தூரத்தை நம்ப முடியாது என்ற குறியீடு. எனக்கு அனுப்பப்பட்ட படத்தில் இருந்த தரப் புள்ளி 4 இந்த வாகனத்துக்கு எந்த ஏலத்திலும் வழங்கப்படவில்லை. வேறொரு வாகனத்தின் தாளில் எண்களை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். எனக்காக ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட நாளில் வாகனம் ஏலத்திலேயே இல்லை. அது ஏற்கெனவே அவருடைய கூட்டாளியின் தரிப்பிடத்தில் கறுப்புச் சாயத்தோடு நின்றிருக்கிறது. ஏல விலை என்று என்னிடம் வாங்கிய தொகை, உண்மையில் அது விலைபோன தொகையின் இரு மடங்குக்கும் மேல்.

வரியிலும் கை வைத்திருக்கிறார். பயணிகள் வாகனத்துக்குக் கனடாவின் வழமையான சுங்கத் தீர்வை 6.1 சதவீதம். பசுபிக் நாடுகளின் வர்த்தக உடன்பாடு 2018 டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்ததன்பின், ஜப்பானில் உற்பத்தியானதற்குரிய ஆதாரம் காட்டப்படும் வாகனத்துக்கு அந்தத் தீர்வை படிப்படியாக நீங்கியது. எல்லையில் 5 சதவீத மத்திய விற்பனை வரியும், குளிரூட்டி இருந்தால் 100 டொலர் கலால் வரியும் உண்டு. ஒன்ராறியோவின் 8 சதவீதம் பதிவின்போது அறவிடப்படும். தரகர் 6.1, 13 ஆகிய இரண்டு சதவீதங்களையும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். சுங்கக் கணக்குத் தாளின் பிரதியை எல்லை முகவரகத்திடம் நானே கேட்டுப் பெற்றபோது, தீர்வை அறவிடப்படவே இல்லை என்று தெரிந்தது. மாகாண வரியைப் பற்றி அவர் இன்றுவரை விளக்கம் தரவில்லை.

இவ்வளவையும் அவர்முன் வைத்தபோது கிடைத்த பதில், "முப்பது வருசத்து வண்டியில துரு இருக்கும்தானே தம்பி, நான் முகவர் மட்டும்தான்" என்பது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு மோட்டார் வாகன விற்பனையாளர் சட்டப்படி, பிறருக்காக வாகனம் வாங்கிக் கொடுக்கும் தரகரும் மாகாணத்தின் மோட்டார் வாகனத் தொழில் மன்றத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். தமக்கு உரிமம் இருப்பதாக என்னிடம் எழுதியவரின் பெயரோ, அவருடைய நிறுவனத்தின் பெயரோ அதில் இல்லை. பதிவுபெற்ற விற்பனையாளரிடம் ஏமாந்தவருக்கு மன்றத்தின் இழப்பீட்டு நிதியில் விண்ணப்பிக்க வழியுண்டு. பதிவற்றவரிடம் வாங்கியவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. பதிவின்றி வியாபாரம் செய்வது குற்றம் என்பதால் முறைப்பாட்டை மன்றம் ஏற்றுக்கொண்டுள்ளது. பணத்தை மீட்பதற்கான வழக்கு தனியாக நடக்கிறது.

இப்போது யாரிடமாவது முற்பணம் கொடுத்துக் காத்திருப்பவர்கள், வாகனம் கப்பலேறும் முன்னர், இன்றே எழுத்தில் சிலவற்றைக் கேளுங்கள். முதலில் சேசிஸ் எண். அதை மறைப்பவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. எண் கிடைத்ததும் ஏல வரலாற்றை நீங்களே வேறு வழியில் எடுத்து, தரகர் தந்த தாளோடு ஒப்பிடுங்கள். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கிய சான்றிதழின் படத்தையும் கேளுங்கள். பின் குறுக்குச் சட்டம், பின் சக்கர வளைவின் உட்புறம், உடற்கூட்டுப் பிணைப்புகள் ஆகியவற்றை, புதுச் சாயம் அடிப்பதற்கு முன்னர், பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் வேண்டும் என்று சொல்லுங்கள். ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுவதற்காக அமைந்த முன்விளக்குகள் இங்கே எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும் என்பதால், அவற்றை மாற்றும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். பணத்தைத் தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால், பணம் கைமாறும் முன் நிறுத்த முடியுமா என்று உங்கள் வங்கியிடம் இன்றே கேளுங்கள். செய்திகளையும் பற்றுச்சீட்டுகளையும் அழிக்காமல் சேர்த்துக்கொண்டு மன்றத்தில் முறையிடுங்கள். இதே தரகரிடம் மாட்டிக்கொண்டவர்களின் முறைப்பாடுகள் சேரச் சேர, அவர்மீது நடவடிக்கை எடுப்பது மன்றத்துக்கு எளிதாகும்.