பாட்டுக் கட்டுவதா, பார்த்து எழுதுவதா? தொடக்கப்பள்ளிக் கவிதை வகுப்புக்கு எது ஒத்துவரும்

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளைக் கவிதை எழுத வைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஓசையைக் கொடுத்துப் பாட்டுக் கட்டச் சொல்வது, ஒரு பொருளைப் பார்த்து வரி வரியாக எழுதச் சொல்வது, பாதி எழுதிய சட்டத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வது. மூன்றிலும் முதல் நாளே கைதட்டல் வாங்கும் வரிகள் வரும். ஆனால் மறுநாள் அதே வரிகளை எடுத்துத் திருத்தச் சொல்லும்போதுதான் வித்தியாசம் தெரியும். வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து வகுப்பறைகளை மனத்தில் வைத்து, அந்த மறுநாளையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது இந்த அலசல்.

ஓசையில் தொடங்கினால்

வகுப்பு உடனே களைகட்டும். பலகையில் ‘வண்டி’ என்று எழுதி, இரண்டாம் எழுத்தாக ‘ண்’ வரும் சொற்களைக் கேளுங்கள். நண்டு, சுண்டல், துண்டு, மண்டை, கிண்டல் என்று ஐந்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும். டெஸ்க்கில் தாளம் தட்ட, கானா கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய, அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். முதல் படியான அரும்பு நிலைப் பிள்ளைக்கு எழுதத்தான் தடுமாற்றம், வாயால் இரண்டு வரி கட்டுவதில் தடையே இல்லை.

இப்படி இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதுதான் எதுகை. அதற்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும். பட்டு, கட்டு சேரும். பட்டு, பாட்டு சேராது. இதை விதியாகச் சொல்வதைவிடச் சத்தமாகச் சொல்லிப் பார்க்க விட்டால் காதே கண்டுபிடித்துவிடும். ர, ற விஷயத்தில் மட்டும் காது கைவிடும். பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் ‘கரை’க்கு ஜோடியாகப் ‘பறை’யைக் கொண்டுவருவார்கள். மூன்றாம் வகுப்பில் கண்டுகொள்ள வேண்டாம், ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம்.

வரிகளின் கடைசி ஒரே மாதிரி ஒலிக்கும் இயைபு வேறு கதை. தமிழில் வினை வரியின் கடைசியில் வந்து நிற்பதால் ‘ஓடினான், ஆடினான், பாடினான்’ என்று விகுதி தானாக வந்து விழுகிறது. பிள்ளை ஒரு சொல்லைக்கூடத் தேடியிருக்காது. ஆகவே ‘கடைசியில் ஒரே மாதிரி முடியணும்’ என்று கேட்காதீர்கள். வரியின் முதல் சொல்லில் எதுகை கேளுங்கள், மெனக்கெட வேண்டியிருக்கும்.

இனித் திருத்தம். ஒரு பிள்ளை இப்படிக் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

நண்டு வந்தது வண்டியிலே
சுண்டல் வாங்குது கிண்டியிலே

‘சுண்டல் பீச்சில்தானே விப்பாங்க, கிண்டி எதுக்கு?’ என்று கேட்டால் கிண்டியை எடுக்க வேண்டும். எடுத்தால் வண்டி தனியாக நிற்கும். வண்டியை மாற்றினால் நண்டுக்கும் வேலையில்லை. ஒரு சொல்லுக்காக இரண்டு வரியும் போகிறது. பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடும், அதன் கணக்கில் அது சரிதான். ஓசைப் பாட்டு விளையாட்டுக்கு அருமை. திருத்தம் பழக இது களம் ஆகாது.

பார்த்து எழுதினால்

40 நிமிடப் பாடவேளையில் முடிகிற வேலை. நான்கு பேருக்கு ஒரு பொருள், 35 பேருக்கு ஒன்பது. கிழிந்த வலைத் துண்டு, மிதவை, கேரம் காய், பழைய சைக்கிள் டியூப் எதுவானாலும் சரி. மீனோ கருவாடோ மட்டும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். மணத்தை வைத்துக் கேலி கிளம்பினால் கடலோரத்துப் பிள்ளை அன்று முழுக்க வாய் திறக்காது. முதல் 5 நிமிடம் தொட்டு, தட்டி, முகர்ந்து பார்த்துப் பேசுவது மட்டும். அடுத்த 15 நிமிடம் எழுத்து: ஐந்து வரி, வரிக்கு மூன்று முதல் ஐந்து சொல், ரப்பருக்குத் தடை. அழகு, மிகவும், நல்ல, பிடிக்கும் ஆகிய நான்கு சொற்களைப் பலகையில் எழுதி அடித்துவிடுங்கள்.

அடிக்காவிட்டால் என்ன வரும் என்பதற்கு ஒரு மாதிரி:

கடல் மிகவும் அழகானது
கடலில் அலைகள் வரும்
மீன்கள் நீந்தும்
எனக்குக் கடல் பிடிக்கும்

கட்டுரை நோட்டிலிருந்து இறங்கி வந்த வரிகள். இதற்கு அறிவுரை சொல்ல வேண்டாம், மூன்று கேள்வி போதும்: எந்த இடம்? என்ன நேரம்? உன் பக்கத்தில் யார்? பதில்களை அப்படியே வரியாக்கினால் இப்படி மாறும்:

காசிமேட்டில் விடியாத நேரம்
கூடைக்கு அடியில ஐஸ் சொட்டுது
ஆயா புடவை ஓரம்
சங்கரா செதில் ஒண்ணு
மினுக்குது

‘சொட்டுது’, ‘ஒண்ணு’ என்பதைத் திருத்தலாமா என்று ஆசிரியருக்குக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். பேச்சுத் தமிழில் கேட்டதும் கண்டதும் உடனே வருகிறது. எழுத்துத் தமிழுக்கு மாற்றும் வேலையில் பாதிக் கவனம் போய்விடும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகளும் இந்தப் பகுதியில் நிறைய. அவர்கள் முதல் வரைவில் ஒரு சொல்லை வீட்டு மொழியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் மாதத்தில் தொடங்குகிறவர்களுக்குப் பொருள் கையிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்புகிற சமயம் அது.

இதே வழியின் சுருங்கிய வடிவம் ஹைக்கூ. ஜப்பானியக் கவிதை பற்றி பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். ஹைக்கூவின் மூன்று வரிக்கு 5-7-5 என்ற அசைக் கணக்கு தமிழுக்கு ஒட்டாது என்பதால் நம்மவர்கள் மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எட்டு வயதில் மூன்றாவது வரி விடுகதைக்கு விடை மாதிரிதான் வரும். ஐந்தாம் வகுப்புக்கு முன்னால் வேண்டாம்.

சட்டத்தை நிரப்பினால்

‘எங்க தெருவுல ___ மணிக்கு ___ சத்தம்’ என்று ஒரே சட்டத்தை நான்கு முறை நிரப்புவது கூச்சப்படும் பிள்ளைக்கு உதவும், அவ்வளவுதான். 35 நோட்டும் ஒன்றுபோல இருக்கும். ஆங்கில வகுப்பிலிருந்து வந்த பெயரெழுத்துக் கவிதையும் இந்த ரகம்தான். பெயரின் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்க வேண்டும். தமிழில் ண, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லுக்கு முதலில் வருவதில்லை. கமலா ‘லாரி’யை வைத்துத் தப்பிப்பாள், கண்ணனும் வள்ளியும் என்ன செய்வார்கள்?

திருத்தத்திலும் மூன்று வழி

சிவப்பு மையில் ஆசிரியர் திருத்துவது வேகமானது. பிள்ளை அதைப் பார்த்துப் பகர்த்து எழுதும். வந்து சேர்வது ஆசிரியரின் கவிதை. பக்கத்துப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டச் சொன்னால் ‘நல்லாக்கீது’ என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அதற்கு மாற்று, கேட்பவர் கண்ணை மூடிக்கொள்வது. முடித்ததும் ‘என்ன தெரிஞ்சது?’ என்று மட்டும் கேட்க வேண்டும். எந்த வரியில் ஒன்றும் தெரியவில்லையோ அதை எழுதியவரே வட்டமிட வேண்டும்.

மூன்றாவதான துண்டு முறைக்குத்தான் எங்கள் ஓட்டு. ஒரு ஏ4 தாளை அகலவாக்கில் ஆறு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு வரி, பெரிய எழுத்தில். ஆறாவது துண்டு காலியாக இருக்கட்டும். பிள்ளை மூன்று வேலை செய்ய வேண்டும்: ஒரு துண்டை எடுத்துவிட வேண்டும், ஒன்றை இடம் மாற்ற வேண்டும், காலித் துண்டில் ஒரு புது வரி எழுத வேண்டும். நோட்டில் அடித்தல் திருத்தல் அசிங்கம் என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு இதில் அந்தப் பயம் இல்லை. பெரும்பாலும் முதல் துண்டுதான் போகும். சூடு பிடிப்பதற்காக எழுதிய வரி அது. மேலே உள்ள மாதிரியில் ‘ஆயா புடவை ஓரம்’ முதலில் வந்து, காசிமேடு கடைசிக்குப் போனால் வேறு கவிதை கிடைக்கும். எது பிடிக்கிறது என்று முடிவெடுப்பது பிள்ளைதான்.

இதிலும் தொல்லை உண்டு. மின்விசிறி சுற்றினால் துண்டுகள் வகுப்பெங்கும் பறக்கும். நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். துண்டின் மேல் கேரம் காயை வைக்கச் சொல்லுங்கள். துண்டின் பின்பக்கம் பெயரின் முதலெழுத்து இல்லையென்றால் பஞ்சாயத்து நிச்சயம்.

எழுத்துப்பிழை கடைசி வேலை. ல, ள, ழ மயக்கமும் விட்டுப்போன ஒற்றும் வரிசை முடிவான பிறகு பார்க்க வேண்டியவை. முதலிலேயே பார்த்தால், பிழை திருத்திய வரியைத் தூக்கிப் போடப் பிள்ளைக்கு மனசு வராது.

மூன்றாம் வகுப்பென்றால் ஓசை விளையாட்டை வாய்மொழியாகவே வையுங்கள், எழுத வைப்பதானால் சட்டம் போதும். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பார்த்து எழுதுவதும் துண்டு முறையும். ஓசை பிடித்துப்போன பிள்ளை நான்காம் வகுப்பிலும் பாட்டுத்தான் கட்டுவேன் என்றால், கட்டட்டும். துண்டு முறையை மட்டும் அதன்மேல் திணிக்காதீர்கள்.