தாயில்லாப் பூனைக்குட்டிக்கு கே.எம்.ஆர். பால்பவுடர்

கண் திறக்காத குட்டிக்குப் பசும்பால் வேண்டவே வேண்டாம். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம், புரதமும் கொழுப்பும் போதாது. வயிற்றுப்போக்கில் குட்டி வற்றிவிடும். தாய்ப்பூனையின் பாலுக்கு மாற்றான பெட்ஏஜி நிறுவனத்தின் கே.எம்.ஆர். பவுடரில், பூனைக்கு அவசியமான டாரின் என்ற அமினோ அமிலமும் உண்டு. விலை அதிகம்தான், ஆனாலும் வாங்கத் தகுந்தது.

ஒரு பங்கு பவுடருக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீர். பவுடரைக் கரண்டியில் அழுத்தி அள்ளாதீர்கள், பால் கெட்டியாகி மலச்சிக்கல் வரும். கட்டி தட்டினால் வடிகட்டுங்கள், இல்லையென்றால் நிப்பிள் அடைக்கும். கரைத்த பால் ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும். கொடுக்கும்போது 38 டிகிரி சூடு போதும்.

புட்டியின் நிப்பிள் பலவற்றில் துளை இருக்காது. சுட்ட ஊசியால் குத்துங்கள்: கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. துளை பெரிதானால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மல்லாக்கப் போட்டு ஊட்டினாலும் இதே ஆபத்து. குப்புறப் படுக்கவைத்தே ஊட்டுங்கள்.

உடம்பு சில்லிட்ட குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். குளிரில் செரிமானம் நின்றுவிடும். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும். ஊட்டியதும் ஈரப்பஞ்சால் வாலுக்கடியில் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தினமும் சுமார் 10 கிராம் எடை ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே கால்நடை மருத்துவர்.