சிறு தொட்டியில் தைல மரம்: ரிவர் ரெட் கம்மா, ஸ்னோ கம்மா, அத்தியா?

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் போன்சாய் (தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம்) வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஜப்பானிய மேப்பிளிலோ ஜூனிபரிலோதான் தொடங்குகிறார்கள். எனக்கோ இந்த மண்ணின் மரம்தான் தொட்டியில் நிற்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையோடு நாற்றங்காலுக்குப் போனால் கைக்கு எட்டுபவை மூன்று: ரிவர் ரெட் கம், ஸ்னோ கம் என்னும் இரண்டு யூகலிப்டஸ்கள் (நம் தைல மர இனம்), மூன்றாவதாக போர்ட் ஜாக்சன் அத்தி. மூன்றையும் வளர்த்துப் பார்த்துவிட்டு ரிவர் ரெட் கம்மின் பக்கம் சாய்ந்துவிட்டேன். சாய்வு சாய்வுதான், ஆனாலும் அத்தியின் பக்கமுள்ள நியாயத்தை மறைக்கப் போவதில்லை.

நான்காவதாக பேங்க்சியா என்னும் உள்நாட்டு மரத்தையும் சேர்த்திருக்கலாம். முதிர்ந்தால் கரடுமுரடான அருமையான பட்டை அதற்கு வரும். ஆனால் அதன் வேர்கள் பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண்ணுக்குப் பழகியவை. மற்றத் தொட்டிகளுக்குப் போடும் சாதாரண உரமே அதற்கு நஞ்சாகிவிடும். எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே உரக் கரண்டியோடு நடப்பவர்களுக்கு அது ஒத்துவராது. யூகலிப்டஸுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

விலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மூன்றுமே இளங்கன்றாகச் சில டாலர்களுக்குக் கிடைக்கும். விதையிலிருந்து தொடங்குவதானால் ரெட் கம் எளிது: தூளாக இருக்கும் விதையை ஈரமணலில் தூவினால் முளைத்துவிடும். ஸ்னோ கம் மலைக்குளிரில் வளரும் மரம். அதன் விதையை ஈரமணலோடு சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுக்க வேண்டும். காட்டிலிருந்து தோண்டிவரும் எண்ணம் வேண்டாம். தேசியப் பூங்காக்களில் அது குற்றம்.

யூகலிப்டஸ் போன்சாய்க்கு ஆகாது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலை பெரிது என்பார்கள். கிளை திடீரென்று காய்ந்துவிடும் என்பார்கள். இலை விஷயம் கிளைகள் பெருகப் பெருகத் தானாகச் சரியாகிறது. கிளை காய்வது மட்டும் உண்மையான குறை. வெளிச்சம் குறைந்த கீழ்க்கிளைக்கு இந்த மரம் சோறு போடாது. நுனிக்கே எல்லாவற்றையும் அனுப்பும். ஆற்றங்கரையில் நிற்கும் பெரிய ரெட் கம்முக்கும் கிளையை இழப்பது புதிதல்ல. காற்றே இல்லாத நாளிலும் பெருங்கிளையை முறித்துப் போடும்; மரே நதிக்கரையில் முகாமிடுபவர்களிடம் அதனடியில் கூடாரம் போடாதீர்கள் என்று எச்சரிப்பது இதனால்தான். தொட்டியிலும் கிளை போகலாம். எனவே தேவைக்கு மேல் இரண்டு மூன்று கிளைகளைக் கூடுதலாக விட்டு வளர்க்கிறேன். உச்சியில் துடித்து எழும் தளிரை இரண்டு ஜோடி இலை விட்டுக் கிள்ளிவிடுவேன். கீழே மெலிந்து நிற்கும் கிளையைத் தொடவே மாட்டேன். கோடை முழுக்க இந்த வேலை ஓயாது. அத்திக்கு இவ்வளவு கவனிப்பு தேவையில்லை; கீழ்க்கிளை நிழலில் இருந்தாலும் பொறுமையாகத் தடித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குறைக்கு ஈடாக யூகலிப்டஸ் தருவது அதன் துளிர்க்கும் வலிமை. 2003 ஜனவரியில் கான்பெராவுக்கு மேற்கே பிரிண்டபெல்லா மலைகள் எரிந்தன. தண்டு கருகிச் செத்த ஸ்னோ கம்கள் அடிமரத்தில் மண்ணோடு புடைத்திருக்கும் கட்டியிலிருந்து கொத்துக் கொத்தாக மறுபடியும் எழுந்தன. அதே தீயில் எரிந்த நிலத்தில்தான் இன்று நேஷனல் ஆர்பொரேட்டம் என்னும் மரத்தோட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய போன்சாய் சேகரிப்பும் அங்கேதான். உள்நாட்டு மரங்களைத் தொட்டியில் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று சந்தேகப்படுபவர்கள் ஒருமுறை அங்கே போய்வரலாம்.

கவாத்து செய்வதெல்லாம் அந்த வலிமையை நம்பித்தான். கன்றை முதலில் பெரிய தொட்டியில் ஓரிரு ஆண்டு தன்போக்கில் வளரவிட வேண்டும். தண்டு கட்டைவிரல் பருமன் ஆனதும், நவம்பர் வெயில் ஏறிய பிறகு (இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கோடை), ஒரு சாண் உயரத்தில் துணிந்து வெட்டலாம். இரண்டு மூன்று வாரங்களில் வழவழப்பான பட்டையைக் கீறிக்கொண்டு கடுகளவு செம்மொட்டுகள் கிளம்பும். கணு இருந்த அடையாளமே தெரியாத இடத்திலும் வரும். கையால் தடவினால் பிசுபிசுப்பும் தைல வாசமும் விரலில் ஒட்டும். அவற்றில் நல்ல இடத்தில் வந்த ஒன்றை அடுத்த தலைத்தண்டாக விட்டு, பக்கக் கிளைகளுக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை உதிர்த்துவிட வேண்டும். மறு ஆண்டு அந்தத் தலைத்தண்டையும் வெட்டினால் அடி பருத்து மேலே ஒடுங்கும் வடிவம் மெல்ல அமையும்.

கம்பி சுற்றுவதற்கான காலம் மிகக் குறுகியது. தளிரின் சிவப்பு மாறிப் பழுப்பேறும் நேரத்தில் அலுமினியக் கம்பியைச் சுற்ற வேண்டும். முந்தினால் தளிர் பிய்ந்துபோகும். ஒரு பருவம் தாமதித்தால் கிளை விறைத்துவிடும். வளைக்கப் போனால் பிரியும் இடத்தில் பிளக்கும். சுற்றிய கம்பியைச் சில வாரங்களிலேயே கழற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவு வேகமாகத் தடிக்கிறது. வேர்வேலைக்கும் வெயில்காலமே உகந்தது. குளிர்காலக் கடைசியில் தொட்டி மாற்றுவது மேப்பிளுக்கான முறை. அதை யூகலிப்டஸிடம் காட்டக் கூடாது. புது வேர் ஓடும் சூடு மண்ணில் இருக்க வேண்டும். வேரையும் தலையையும் ஒரே நாளில் கழிப்பதை நான் தவிர்க்கிறேன்.

இதுவரை சொன்னதில் ரெட் கம்முக்கும் ஸ்னோ கம்முக்கும் பெரிய வேறுபாடில்லை, அத்தியோடு ஒப்பிட்டாலும் அவரவர் ரசனைதான். என்னைத் தீர்மானிக்க வைத்தவை தண்ணீரும் உறைபனியும். முதலில் தண்ணீர்.

2020 ஜனவரி 4 அன்று கான்பெராவில் வெப்பம் 44 டிகிரியைத் தொட்டது. இந்நகரம் கண்ட உச்சம் அது. அவ்வளவு போகாவிட்டாலும், வறண்ட காற்றோடு 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. கையடக்கத் தொட்டியில் ஒரு லிட்டர் மண்கூட இருக்காது. காலையில் நீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனால் பிற்பகலுக்குள் மண் உலர்ந்துவிடும். யூகலிப்டஸ் வறட்சி தாங்கும் மரமாயிற்றே என்று பலர் கேட்கிறார்கள். தாங்குகிறது, ஆழத்தில் நீரைத் தேடிப் போகும் வேர் இருக்கும்வரை. தொட்டியில் ஆழம் ஏது? அங்கே அதன் இலைகள் நீரைத் தாராளமாகச் செலவழிக்கும், சேமிப்பென்று எதுவும் இருக்காது. ஒருநாள் முழுக்க உலரவிட்டால் இலை வாடும் கட்டத்தைத் தாண்டி நேராக முறுமுறுப்பாகிவிடும். அதன் பிறகு அடியிலிருந்து துளிர்க்கலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய கிளையமைப்பு போனது போனதுதான்.

இரண்டு யூகலிப்டஸ்களில் இங்கேதான் ரெட் கம் தனித்து நிற்கிறது. அது வெள்ளச் சமவெளியின் மரம். மரே நதியோரத்துப் பார்மா காட்டில் மாதக்கணக்கில் நீர் தேங்கி நின்றாலும் இம்மரங்கள் நிற்கும். அந்த வெள்ளம் வந்துபோனால்தான் அவை செழிக்கின்றன. நீரில் மூழ்கிய இளங்கன்றின் வேர்த்திசுக்களில் காற்றறைகள் உருவாகும், தண்டின் அடியில் புதிய வேர்கள் கிளம்பும். ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என் ரெட் கம் தொட்டி, இரண்டு விரற்கடை நீர் நிற்கும் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. வடிகால் துளை வழியே மண் வேண்டிய நீரை மேலே இழுத்துக்கொள்கிறது. காலையில் தட்டு நிரம்பியிருந்தால் மாலைவரை கவலையில்லை. கொசுப்புழு வராமலிருக்க ஒன்றுவிட்டு ஒருநாள் நீரைக் கொட்டி மாற்றுகிறேன். மார்ச்சில் இரவு குளிரத் தொடங்கியதும் தட்டை எடுத்துவிடுவேன். மற்றப் போன்சாய் மரங்கள் பலவற்றை இப்படி வைத்தால் வேர் அழுகிவிடும். வகுப்புகளில் முதல் நாளே செய்யாதே என்று சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது என்று புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்குத் தைல மரத்தின் மீதுள்ள கோபம் எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. மழையை நம்பியிருக்கும் மண்ணில் கூப்புக்காடாக அடர்த்தியாய் நட்ட மரம் வேறு. தன் ஆற்றங்கரையில் வெள்ளத்துக்குக் காத்திருக்கும் மரம் வேறு.

ஸ்னோ கம்மை அந்தத் தட்டில் வைக்க எனக்குத் துணிவில்லை. குளிர்ந்த, காற்றோட்டமுள்ள மலைமண்ணுக்குரிய வேர் அது. வெயிலில் சூடேறிய தேங்கிய நீர் அதற்குப் பகை. வெயில் கடுமையான நாளில் இருமுறை நீரூற்ற ஆள் வேண்டும், தொட்டியின் மேல் நிழல்வலையும் வேண்டும். மற்றபடி, உறைபனியைப் பொறுத்தவரை மூன்றிலும் அதுதான் உறுதி. தடித்த இலையில் நடுநரம்புக்கு இணையாக ஓடும் நரம்புகள் அருகில் பார்க்கத் தனி அழகு. என்னிடம் இருப்பவை இன்னும் இளங்கன்றுகள்தான். வெண்பட்டையும் முறுக்கும் சிறு தொட்டியில் எத்தனை ஆண்டில் வரும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டிலேயே இருப்பவர்கள், பொறுமை உள்ளவர்கள், குளிரான ஊர்க்காரர்கள் அதை எடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.

இனி அத்தி. தண்ணீரை மட்டும் வைத்துப் பார்த்தால் ரெட் கம்மையும் அது வென்றுவிடும். சிட்னியைச் சுற்றியுள்ள மணற்பாறை வெடிப்புகளில் வேரோடி வாழும் மரம். ஒருநாள் நீர் தவறினால் இலையை உதிர்த்துவிட்டு மறுபடியும் துளிர்க்கும். வெட்டிய இடத்தில் பால் வடிந்து காயம் சீக்கிரம் மூடும். ஆலமரத்தின் இனம் அல்லவா, அடிவேர் மண்ணின் மேல் பரந்து படரும்; சில ஆண்டுகளிலேயே முதிய மரத்தின் தோற்றம் வந்துவிடும். இலையும் எளிதில் சிறுக்கும். முதல் போன்சாய் என்றால், சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ இருப்பவருக்கு நான் அத்தியைத்தான் சொல்வேன். கான்பெராவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போவது வழக்கம். மைனஸ் ஐந்தெல்லாம் இங்கே செய்தியே அல்ல. அந்தப் பனியில் அத்தியின் இலை கருகும், இளங்கிளைகள் சாகும். மே மாதம் உள்ளே தூக்கி, வெளிச்சமுள்ள ஜன்னலருகே வைத்து, செப்டம்பரில் வெளியே கொண்டுவர வேண்டும். மரம் வளர வளர இந்தச் சுமையும் வளரும். ரெட் கம்மின் நுனித்தளிர் கடும்பனியில் சற்றுக் கருகும், அவ்வளவுதான். மரம் வெளியிலேயே நின்று குளிரைக் கடக்கிறது.

உருவத்திலும் எனக்கு ரெட் கம்மே. பைன் மரத்துக்குச் செய்வதைப்போல அடுக்கடுக்காய்ப் பச்சைத் தட்டுகளை அதில் அமைக்கக் கூடாது. கம் மரத்தின் அழகே உள்ளே வானம் தெரிவதுதான்: கிளைகளின் கடைசியில் மட்டும் இலைக்கொத்து, நடுவில் வெற்றிடம், எங்கேனும் வெளிறிய பட்டுப்போன கிளை ஒன்று. தானாகக் காய்ந்த கிளையை அடியோடு அறுக்காமல் பட்டையுரித்து விட்டுவைத்தால் ஆற்றங்கரை மரத்தின் சாயல் வந்துவிடுகிறது.

வாங்குவதென்றால் அக்டோபரில் வாங்குங்கள். மிக உயரமான கன்றுக்கு ஆசைப்படாமல், அடியில் பக்கக்கிளை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கன்று நிற்கும் குழாய் போன்ற ஒடுங்கிய தொட்டியைத் தலைகீழாக்கி வேரைப் பார்க்கக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். ஆணிவேர் அடியில் சுருண்டு வளையமாகியிருந்தால் அந்தக் கன்றை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். நேராக இருந்தால் வாங்கிவந்து, வெயில் ஏறியதும் ஆணிவேரைப் பாதியாக வெட்டி, சல்லிவேர்களை விசிறிவிட்டு, அகலமான தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள்.